நாற்பது வயதான அணு உலை இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

மெக்கானிக்கல் பசங்களுக்கு சார்ப்பி டெஸ்ட் ஞாபகம் இருக்கும். ஊசல் வந்து அடிக்கும், இரும்புத்துண்டு உடையும், ரீடிங்கை ரெக்கார்டுல எழுதிட்டு கிளம்பிடுவோம். ஒரு பழைய அணு உலையை மூடுவதா, இன்னும் 20 வருஷம் ஓட்டுவதா என்ற முடிவில் இந்த டெஸ்டுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அமெரிக்காவில் முதல் உரிமம் 40 ஆண்டுக்கு. இந்த 40 உலோகத்தைச் சோதித்துக் கண்டுபிடித்த எண் இல்லை. பொருளாதாரக் கணக்கு பார்த்து வைத்தது. அதனால "40 முடிஞ்சுது, மூடு" என்பதும், "இவ்ளோ நாள் ஓடிச்சு, இனியும் ஓடும்" என்பதும் பொறியியல் பதில் ஆகாது. எந்தப் பாகம் எவ்வளவு தளர்ந்திருக்குன்னுதான் கேட்கணும்.

பம்பு, நீராவி ஜெனரேட்டரை எல்லாம் மாற்றிடலாம். எரிபொருளைச் சுற்றியுள்ள தடித்த எஃகு அழுத்தக்கலனை மாற்றுவது நடைமுறையில் ஆகாத காரியம். நியூட்ரான்கள் வருஷக்கணக்கில் மோதுவதால் அந்த எஃகு வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கும். வெல்டிங்கில் செம்பு கலந்திருந்தால் இன்னும் மோசம். விபத்து நேரத்தில் குளிர்ந்த தண்ணீரை உள்ளே செலுத்தினா, சூடான சுவர் சட்டென்று சுருங்கும். அங்கே ஒரு விரிசல் இருந்தால் அது ஓடிவிடலாம். இதை முன்கூட்டியே அறியத்தான் அதே எஃகின் துண்டுகளை முதலிலேயே கலனுக்குள் தொங்கவிடுறாங்க. சுவரைவிட எரிபொருளுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவை சீக்கிரமே மூப்படையும். அவ்வப்போது வெளியே எடுத்து சார்ப்பியில் உடைத்தா, சுவரின் எதிர்காலம் தெரியும். பின்லாந்தின் லோவிசாவில் 1996-ல் கலனையே சூடாக்கி, இழந்த தன்மையில் பெரும்பகுதியை மீட்டாங்க!

நம்ம கல்பாக்கம் கதை வேற. அந்தக் கனநீர் உலைகளில் ஒரே பெரிய அழுத்தக்கலன் கிடையாது. ஒவ்வொன்றிலும் 306 அழுத்தக்குழாய்கள். ஆரம்பத்தில் போட்ட ஜிர்கலாய்-2 குழாய்கள் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைபவை. கனடாவின் பிக்கரிங்கில் 1983-ல் அப்படி ஒரு குழாய் பிளந்தது. கல்பாக்கத்தில் 2002-ல் இரண்டாம் அலகையும், அடுத்து முதல் அலகையும் நிறுத்தி, மொத்தக் குழாய்களையும் ஜிர்கோனியம்-நியோபியம் கலவைக்கு மாற்றினாங்க. கதிர்வீச்சுக்கு நடுவே செய்யும் வேலை என்பதால் பெரும்பகுதி தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளை நம்பியது.

ட்ரிபிள் ஈ நண்பர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. உலைக்கட்டடத்துக்குள் ஓடும் கேபிள்களின் உறை, வெப்பத்திலும் கதிர்வீச்சிலும் விறைத்துப்போகும். அது அறுவதற்கு முன் எவ்வளவு நீளுதுன்னு இழுத்துப் பார்க்கணும். ஓடுற கேபிளை வெட்ட முடியாதே! அதுக்குன்னே சில உலைகளில் உபரித் துண்டுகளைப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறாங்க.