மெதனோல் இல்லாமலே முடியும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா. ஈசியூ மாற்றி, பூஸ்டை ஒரு பார் வரை ஏற்றி டியூன் செய்திருக்கிறேன். டர்போவும் பொனற்றுக்குக் கீழுள்ள இன்டர்கூலரும் கம்பனி பூட்டியவைதான். வெயில் நேரத்தில் நொக்கிங் வந்ததால் தண்ணீர்–மெதனோல் கிற் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். தாங்கி டிக்கிக்குள், நொசில் நிமிடத்துக்கு 375 மில்லிலீற்றர், திறொட்டிலுக்குப் பிறகு. 0.3 பார் பூஸ்டில் பாயத் தொடங்கும். மெதனோலும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் பாதிக்குப் பாதி. தொடக்கத்தில் பூஸ்ட் ஏறும்போது வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு அது தானாகவே குறைந்துவிட்டது. ஆனால் இப்போது தாங்கி நிறைய இருந்தும் நொக்கிங் திரும்பிவிட்டது. சந்தியில் நிற்கும்போது ஐடிலும் தடுமாறுகிறது. பூஸ்ட் கொடுக்காமல் ஓடினாலும் தாங்கி இறங்குகிறது. தண்ணீரை விட்டுவிட்டுத் தனி மெதனோல் போடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?
— ஒரு வாசகர், உடுவில்

பதில்: தம்பி, முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை வாசித்ததும் காரைப் பூஸ்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிடுங்கள். வெட்டல் தானாகக் குறைந்ததை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பயத்தைத் தருகிறது. நொசில் அடைபட்டு, பாயும் அளவு குறைந்ததால் வெட்டல் நின்றிருக்கிறது. அதே காரணத்தால்தான் நொக்கிங்கும் திரும்பியிருக்கிறது. டியூன் மட்டும் ஒரு பார் பூஸ்டையும் அதே தீப்பொறி நேரத்தையும் மாற்றாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் இப்படித்தான் உடையும்.

அடைத்தது உங்கள் கிணறு. வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். அதற்குள் ஊறிய தண்ணீர் கல்சியத்தோடுதான் மேலே வரும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படிவு இருக்கும். மெதனோல் கலந்தால் நிலைமை இன்னும் மோசம்: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மதுசாரம் சேரச்சேர வெளியே வந்து படியும். மயிரிழைத் துளையுள்ள நொசிலுக்கும் அதன் சல்லடைக்கும் சில வாரம் போதும். அதே படிவு ஒருவழி வால்வின் இருக்கையிலும் ஒட்டினால் வால்வு முழுதாக மூடாது. உங்கள் ஐடில் தடுமாற்றத்தின் பாதி அங்கே இருக்கிறது.

மற்றப் பாதி நொசில் இருக்கும் இடம். திறொட்டிலுக்குப் பிறகு, ஐடிலில் கடும் வெற்றிடம் நிற்கும். மூடாத வால்வு வழியே அது தாங்கியிலிருந்து திரவத்தை உறிஞ்சி எடுக்கும். பம்ப் ஓடவே வேண்டியதில்லை. நொசிலைக் கழற்றி இன்டர்கூலருக்குப் பிறகு, திறொட்டிலுக்கு முன்னால் பூட்டுங்கள். அங்கே வெற்றிடம் இல்லை. நான்கு சிலிண்டருக்கும் போகுமுன் கலப்பதற்கு இடமும் கிடைக்கும். காற்றின் வெப்பம் பார்க்கும் சென்சர் நொசிலுக்கு முன்னால் இருக்கட்டும். நனைந்த சென்சர் ஈசியூவுக்குப் பொய் சொல்லும். தாங்கி நொசிலைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முடிந்தால் நொசிலுக்கு அருகே ஒரு சொலினொயிட் வால்வும் போடுங்கள்.

இனி, தொடக்கத்தில் ஏன் வெட்டியது? கணக்கைப் பாருங்கள். உங்கள் 1.3 லீற்றர் எஞ்சின் கம்பனியிலிருந்து வந்தபோது 135 குதிரைவலு. இப்போது 180 என்று வைப்போம். அந்த வலுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.1 லீற்றர் பெற்றோல் எரியும். கலவை அதில் 15 சதவீதம், அதாவது 165 மில்லிலீற்றர் அளவில் இருந்தாலே போதும். நீங்கள் போட்டது 375. பெற்றோலில் மூன்றிலொரு பங்கு! அதிலுள்ள மெதனோல் மட்டுமே காற்று–எரிபொருள் கலவையை 8 சதவீதம் அளவுக்குக் கொழுப்பாக்கும். கூடவே நிமிடத்துக்கு 190 மில்லிலீற்றர் அளவு தண்ணீர். அதுவும் 0.3 பாரில், டர்போ இன்னும் மூச்செடுக்கும் நேரத்திலேயே. தீப்பொறி அணைந்துதான் போகும். 175 நொசில் ஒன்று வாங்குங்கள். தொடக்கத்தை 0.6 பாருக்கு ஏற்றுங்கள். பிளக்கின் இடைவெளியை 0.7 மில்லிமீற்றருக்குக் குறைத்து, வெப்ப எண்ணில் ஒரு படி குளிர்ந்த பிளக் போடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனி மெதனோல் வேண்டாம். என்னைக் கேட்டால், உங்கள் காருக்குப் பாதி மெதனோலும் வேண்டாம்.

மெதனோல் நல்ல எரிபொருள், நொக்கிங்கைத் தாங்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தேவை சூட்டைக் குறைப்பது. 33 பாகைக் காற்றை இந்தச் சின்ன டர்போ ஒரு பாருக்கு அமுக்கும்போது அது 135 பாகைக்குக் கிட்ட வெளியே வரும். இன்டர்கூலர் எஞ்சின் சூட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் மருதனார்மடச் சந்தி நெரிசலில் அதுவும் கொதித்துப்போய் இருக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். மெதனோல் எடுப்பது ஏறத்தாழ அதில் பாதி, 1,100. நொக்கிங் பிறப்பது சிலிண்டருக்குள். அங்கே சூட்டை இறக்குவதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை.

பிறகு ஏன் எல்லாரும் மெதனோல் கலக்கிறார்கள்? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெசர்ஷ்மிற் விமானங்களில் எம்டபிள்யூ 50 என்ற பாதிக்குப் பாதிக் கலவை பாய்ச்சினார்கள். அதில் மெதனோலின் முதல் வேலை, உயரத்துக் குளிரில் தண்ணீரை உறையவிடாமல் காப்பது. குளிர்நாட்டில் கார் ஓட்டுகிறவருக்கும் அந்தக் கவலை உண்டு. உடுவிலில் தண்ணீர் எந்த மாதத்தில் உறைகிறது? 2016இல் வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், டிக்கியில் 5 லீற்றர் தாங்கி வைத்துப் பாய்ச்சியது வெறும் தண்ணீரைத்தான். அதற்கும் உறைபனிப் பயம் இருந்ததால், எஞ்சினை நிறுத்தியதும் குழாயிலுள்ள தண்ணீர் தாங்கிக்குத் திரும்பும்படி செய்தார்கள். நமக்கு அந்த வேலைகூட இல்லை.

வாலைவடித்த தண்ணீர் அல்லது பற்றரிக்கு ஊற்றும் தூய தண்ணீர் மட்டும் போடுங்கள். அசிட் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை தாங்கியை வடித்துப் புதிதாக நிரப்புங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும்.

மெதனோலை ஒதுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஸ்டார்லெட்டின் டிக்கியும் ஆட்கள் இருக்கும் இடமும் ஒரே கூடு. ஓர் இணைப்பு கசிந்தால் அந்த ஆவியைப் பின்சீற்றில் இருப்பவர்கள்தான் சுவாசிப்பார்கள். 12 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி அது. பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. உடம்புக்குள் போனால் போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். தமிழ்நாட்டில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே பொருள்தான் உங்கள் டிக்கிக்குள் இருக்கிறது. மிச்சம் இருப்பதைச் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வாங்கிய கலனிலேயே பெயரெழுதிப் பூட்டி வைத்து, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், முதல் பல மணி நேரம் ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். அதை நம்பிக் காத்திருக்காமல் உடனே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் பழைய அறிவு ஒன்று உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பழைய ஒஸ்டினையும் மொரிஸையும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் நம் கராஜ் பாஸ்மார். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. பூஸ்ட் ஏற்றிய உங்கள் கிளான்சா அந்தப் பொறுமையுள்ள சாதி இல்லை. நொக் வந்தால் சில விநாடிகளில் சேதம் நடந்து முடிந்துவிடும்.

அதனால் தண்ணீர் தீரும் நாளுக்கு இப்போதே வழி செய்யுங்கள். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் என்ற கார் வந்தது. டர்போ பூட்டி விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அமுக்க விகிதம் 10.25க்கு 1. அதைத் தாங்கவைக்கத் தண்ணீர்–மெதனோல் திரவம் ஒன்றைக் கம்பனியே பாய்ச்சியது. வாங்கியவர்கள் தாங்கியை நிரப்ப மறந்தார்கள். பொறியியலாளர்கள் அதை எதிர்பார்த்து, திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானாக இறங்கும்படி வைத்திருந்ததால் எஞ்சின்கள் தப்பின; ஆனாலும் பலர் டர்போவையே கழற்றச் சொல்லிவிட்டார்கள். உங்கள் கிற்றில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் ஓட்டம் பார்க்கும் சென்சர் ஒன்று பூட்டி, ஓட்டம் குறைந்ததும் பூஸ்ட் வேஸ்ட்கேற் சுருளின் அடிமட்டத்துக்கு விழும்படி ஈசியூவில் இணைக்கவேண்டும். தாங்கியில் மிதவை மட்டும் போதாது. உங்களுக்கு நடந்ததுபோல், தாங்கி நிறைந்திருக்க நொசில் அடைபட்டால் மிதவைக்கு என்ன தெரியும்?

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். பழைய நொசிலைக் கழற்றி, சல்லடையை வினாகிரியில் ஊறவைத்துக் கழுவி, 175 நொசிலைப் பூட்டி, பம்பை வெறும் தண்ணீரில் ஓட்டி, அரை நிமிடத்தில் எவ்வளவு பாய்கிறது என்று அளவுச் சாடியில் பிடித்துப் பாருங்கள். 175 நொசிலுக்கு 85 மில்லிலீற்றருக்குக் குறையக்கூடாது. எஞ்சின் நிற்கும்போது சொட்டினால் ஒருவழி வால்வை மாற்றுங்கள். பிறகு 95 ஒக்டேன் பெற்றோல் நிரப்பி, டியூன் செய்தவரிடம் திரும்பிப் போங்கள். தண்ணீர் பாயாமல், 0.7 பாரில், நடுவெயிலில் ஒரு முறை நொக் இல்லாமல் டைனோவில் ஓடவேண்டும். அது சரிவந்த பிறகே தண்ணீரோடு ஒரு பாருக்குப் போகச் சொல்லுங்கள். அவர் கிற்றுக்கென்று தீப்பொறியை இன்னும் முன்தள்ளப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள். அதற்குச் செலவாகும் பணத்துக்கு முன்பக்கம் பூட்டும் பெரிய இன்டர்கூலர் ஒன்று வாங்கலாம், அது தாங்கி காலியான நாளிலும் வேலை செய்யும்.