பிள்ளைகளின் உறக்கமும் கைபேசித் திரையும்

மகா சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்தில் அடியார்கள் பாலாவியில் நீராடி, அத்தீர்த்தத்தைச் சுமந்து வந்து மகாலிங்கத்திற்குத் தம் கையாலேயே அபிஷேகம் செய்வர். நான்கு சாமமும் கண்விழிப்பர். ஆண்டில் ஓர் இரவு, விரதத்தோடு கூடிய விழிப்பு அது. ஆனால் மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் இன்று பல வீடுகளில் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் விழித்திருக்கின்றனர். போர்வைக்குள்ளே, கைபேசித் திரையின் முன்னே.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறைகூற முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் சூமிலும் வந்தன. கைபேசி இல்லையேல் பாடம் இல்லை என்றானபோது, வசதி குறைந்த பெற்றோரும் சிரமப்பட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். பாடசாலைகள் மீண்டும் திறந்தன. கைபேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. சோறூட்டும்போது குழந்தையின் முன் கைபேசியைச் சாத்திவைக்கும் வழக்கமோ அதற்கும் முந்தியது. அதைத் தொடக்கியவர்கள் பெரியவர்களே.

பொழுதுபட்டு இருள் சூழும்போது மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. உறங்கும் நேரம் வந்தது என உடலுக்கு அறிவிப்பது அதுவே. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணில் பட்டால், இன்னும் பகல்தான் என மூளை எண்ணுகிறது, சுரப்பும் தாமதிக்கிறது. சிறுவரின் கண்மணி அகலமானது, கண்வில்லையும் தெளிவானது. ஆகவே அதே வெளிச்சம் பெரியவரைவிடப் பிள்ளையையே அதிகம் பாதிக்கும். ஒளி மட்டுமா? விளையாட்டில் தோற்ற கோபமும் அடுத்த வீடியோவைக் காணும் ஆவலும் மனத்தை அடங்கவிடா.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. அதிகாலை 5.30க்கு எழும் பத்து வயதுப் பிள்ளை இரவு 8.30க்காவது உறங்கியிருத்தல் வேண்டும். டியூசன் முடித்து, சாப்பிட்டு, பின் ஒரு மணி நேரம் கைபேசி என்றால் கணக்கு எங்கே சரிவரும்? அன்று படித்தவை நினைவில் பதிவதும், வளர்ச்சி ஓமோன் மிகுதியாகச் சுரப்பதும் உறக்கத்திலேதான். புலமைப்பரிசில் பரீட்சைக்கெனப் பிள்ளையை வருத்தும் பெற்றோர் இதனைக் கவனிப்பது நன்று.

வெளிநாட்டு உறவுகளின் அழைப்பு இன்னொன்று. லண்டனில் மாலை ஆறு மணி என்றால் இங்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. பேரனின் முகம் காணும் ஆசை நியாயமானதே. உறங்கும் குழந்தையை எழுப்பாமல், சனி, ஞாயிறுகளில் பகலில் பேசிக்கொள்ளலாம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டியதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அவுஸ்திரேலியா ஒருபடி மேலே சென்று, பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசெம்பர் முதல் தடை செய்தது. தாய்வானின் வழி வேறு. குறும்பார்வை பெருகியதால், 2010 முதல் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளிவெளிச்சத்தில் விடும் திட்டத்தைப் பாடசாலைகளில் நடத்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பார்வை குறைந்த மாணவரின் விகிதம் இறங்கத் தொடங்கியது. உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன மன்னாருக்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை; பின்னேரம் மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியது சிறிதுதான். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாக் கைபேசிகளையும், தகப்பனுடையது உட்பட, படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் சார்ஜில் வைப்பது. முதல் வாரம் அழுகையும் அடமும் இருக்கும்.

சிவராத்திரியிலும்கூட இரண்டாம் சாமம் கடக்கும்போது சிறு பிள்ளைகள் தாயின் மடியிலோ மண்டபத்துப் பாயிலோ உறங்கிவிடுவர். அவர்களை யாரும் எழுப்புவதில்லை.