பண்டாரநாயக்கவின் பூட்டனார்

வந்தாறுமூலை

அன்புள்ள மருமகளுக்கு,

“தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த பண்டாரநாயக்க தமிழ் வம்சத்தவரே” என்ற தலைப்பை ஒட்டிப் பேச உன்னை விவாத அணியில் நிறுத்தியிருக்கிறார்களாம். “மாமா சரித்திரம் படிப்பித்தவர்தானே, ஆதாரம் தரட்டும்” என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். தருகிறேன். ஆனால் ஆதாரத்தை மட்டும் கிள்ளியெடுத்துக்கொண்டு ஓடிவிடாதே. கடைசிவரை படி.

கதை இதுதான். தென்னிந்தியாவிலிருந்து வந்த நீலப்பெருமாள் என்பவர் 1454இல் ஒரு தேவாலயத்தின் தலைமைப் பூசகராக நியமிக்கப்பட்டார். நாயக்க பண்டாரம் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஹொரகொல்லைப் பண்டாரநாயக்க குடும்பம் அவர் வழி வந்தது. இது தமிழர் கட்டிவிட்ட கதை என்று எதிரணி சொல்லப்பார்க்கும். அதற்கு இடம் கொடாதே. அந்தக் குடும்பமே பேணிவந்த கதை இது. அக்குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் யஸ்மின் குணரத்ன 1986இல் வெளியிட்ட ‘ரிலேட்டிவ் மெரிட்ஸ்’ என்ற குடும்ப நினைவு நூலிலும் நீலப்பெருமாள் வருகிறார். அதற்கு முன்னரே, 1957இல், ஜேம்ஸ் ரட்னம் ‘நீலப்பெருமாளின் குடும்பம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ஆண்டைக் கவனித்தாயா? சட்டம் வந்து ஒரு வருடம். ரட்னம் பொறுப்பான ஆய்வாளர், தேடித் தேடி எழுதியவர். ஆனால் அந்தக் கட்டுரை ஏன் அந்த வருடத்தில் வந்தது என்று கேட்பதும் ஆய்வுதான்.

மறுகா, கதையைத் தட்டிப் பார்ப்போம். எந்தத் தேவாலயம்? சமன் தேவாலயம் என்று சிலர் எழுதுகிறார்கள், நவகமுவ பத்தினி தேவாலயம் என்று வேறு சிலர். ஒரே ஆளைப் பற்றிய ஒரே தகவல் இரண்டு இடத்தைக் காட்டினால், அது வாய்வழியாக நெடுந்தூரம் நடந்து வந்த கதை என்று தெரிந்துகொள். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். 1454 என்று சொல்லும் தாள் எந்த ஆண்டில் எழுதப்பட்டது? பிரித்தானியர் காலத்தில் முதலியார் குடும்பங்கள் வம்சாவளியில் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. இந்தியாவிலிருந்து வந்த உயர்குடி மூதாதை ஒருவர் இருந்தால் அது அன்று மதிப்பு, மறைக்கவேண்டிய விஷயமல்ல. குடும்பத்தின் சொந்த வம்சாவளியைப் படிக்கும்போது, அவர்களுக்கு எது பெருமை தந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் கதை நம்பக்கூடியதுதான் என்பது என் எண்ணம். 1454 என்றால் கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலம். அந்த அரசவையில் தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லை. அரசனின் மகளை மணந்த அமைச்சரின் பெயர் நல்லூருத்துணையார், ‘நாமாவலிய’ என்ற சிங்கள நிகண்டை எழுதியவர் அவர். யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரயா, நம்மவர் செண்பகப் பெருமாள் என்பவர், அரசனின் வளர்ப்பு மகன். அவருடைய தகப்பன் மலையாளக் கரையிலிருந்து வந்த பணிக்கர் என்கிறார் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூத்தோ. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு நீலப்பெருமாள் வந்து தேவாலயப் பொறுப்பேற்றார் என்பதில் வியப்பில்லை. ஆனால் ‘நடந்திருக்கக்கூடியது’ வேறு, ‘நடந்தது’ வேறு. மேடையில் நின்று பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடுவது மிகச் சுலபம்.

சரி, கதை முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொள். பண்டாரநாயக்க பிறந்தது 1899 ஜனவரி 8. 1454இலிருந்து எண்ணினால் 445 வருடம். தலைமுறைக்கு முப்பது வருடம் வைத்தால் ஏறத்தாழப் பதினைந்து தலைமுறை. ஒவ்வொருவருக்கும் தாய் தகப்பன் இருவர், அவர்களுக்கு நால்வர், மேலே எட்டு. பதினைந்தாவது படியில் 32,768 இடங்கள் வரும். ஒரே ஆள் பல இடங்களில் வருவார், ஆகவே உண்மையான ஆட்கள் குறைவாகவே இருப்பார்கள். என்றாலும் நீலப்பெருமாள் அந்த மரத்தில் ஓர் இடம்தான். மற்ற முப்பதினாயிரம் சொச்சம் இடங்களையும் விட்டுவிட்டு அவர் ஒருவரை மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கிறோம்? அவர் ஆண்வழியில் வருகிறார் என்பதற்காகவும், பெயரை விட்டுப் போனார் என்பதற்காகவும்தான்.

பெயரைக் கொண்டு முடிவெடுப்பதென்றால் முழுப்பெயரையும் எடு. சொலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்க. சொலமன் விவிலிய அரசன், வெஸ்ட் ரிட்ஜ்வே பிரித்தானியத் தேசாதிபதி, டயஸ் போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர். அவர் போர்த்துக்கேய வம்சத்தவர் என்று யாராவது விவாதத் தலைப்பு வைத்ததுண்டா?

இதில் நமக்கு, மட்டக்களப்பாருக்கு, ஒரு வசதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உன் சிநேகிதிக்கு இது உடனே விளங்காது. நம் குடி தாய்வழியில் போகிறது. உன் அம்மா என் கூடப்பிறந்தவள், ஆகவே நீயும் நானும் ஒரே குடி. நான் பெற்ற பிள்ளைகள் என் குடி அல்ல, மாமியின் குடி. கோயில் திருவிழாவில் என் பக்கத்தில் நிற்கும் மகன் வேறு குடிக்காரன், எங்கோ நிற்கும் நீ என் குடிக்காரி. நம் ஊர் முறைப்படி நீலப்பெருமாளின் குடி அவரோடேயே நின்றுவிட்டது, பதினைந்து தலைமுறை தாண்டி ஹொரகொல்லைக்கு வர வழியே இல்லை! காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்று நாம் சொல்வதுபோலவே கிழக்கு முஸ்லிம்களும் தாய்வழிக் குடி சொல்கிறார்கள். ஒரு மனிதர் யாருடைய வழி என்பதை, எந்தப் பக்கமாக எண்ணுவது என்று ஒரு சமூகம் எடுத்த முடிவுதான் தீர்மானிக்கிறது. உடம்பில் ஓடும் இரத்தம் அந்த முடிவை எடுப்பதில்லை.

நம் வீட்டுக் கதைகளையும் இதே கேள்வியால் தட்டிப் பார்க்கவேண்டும் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ கலிங்கத்திலிருந்து வந்த அரசரைப் பற்றிப் பேசுகிறது. கோயில்களில் யார் யாருக்கு என்ன உரிமை என்று வரிசைப்படுத்துவதும் அதே நூல்தான். இரண்டும் ஒரு நூலில் இருப்பது தற்செயலல்ல. முதலியார் வம்சாவளியைச் சந்தேகிக்கும் பிள்ளை, கலிங்க வம்சாவளியை அப்படியே விழுங்கக்கூடாது.

இந்தப் பூர்வீகப் பேச்சு பொழுதுபோக்கு என்று நினைக்காதே. 1939இல் ஜி.ஜி. பொன்னம்பலம் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டத்தில் பேசினார். மகாவம்சத்தைக் கிண்டலடித்தார். விஜயன், காசியப்பன், பராக்கிரமபாகு எல்லாரும் தமிழர் வழியினர் என்றும் சிங்களவர் கலப்பினத்தவர் என்றும் சொன்னார். வாதத்தில் அவர் புலி. கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அங்கே கலவரம் வெடித்து மலையகத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. அடிபட்டவர்களில் பேச்சைக் கேட்டே இராதவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார். அதற்குப் பிறகு நாவலப்பிட்டியில் சிங்கள மகா சபைக்குக் கிளை அமைந்தது. அந்தச் சபையின் தலைவர் வேறு யாருமல்ல, உன் தலைப்பில் வரும் பண்டாரநாயக்கதான். அந்தக் கிளை உண்டானதற்குப் பொன்னம்பலத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும் என்ற பொருளில் அவர் கிண்டலாகப் பேசினார். வம்சத்தைச் சொல்லிக் குத்தினால் குத்துப்பட்டவர் பலவீனப்படுவார் என்பது நம் கணக்கு. நடந்தது மறுபக்கம். (அதே நாவலப்பிட்டியில்தான் 1917இல் எம்.ஜி.ஆர். பிறந்தார். அவர் தமிழ்நாட்டு முதலமைச்சரானபோது அவரை மலையாளி என்று சொல்லிக் குத்தியவர்களும் தமிழர்தான்.)

இன்னும் பின்னால் போனால் கண்டி. 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரனையே பிரதானிகள் அரசனாக்கினார்கள். அடுத்து வந்த கீர்த்தி சிறீ இராஜசிங்கன், 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்துப் பௌத்த உபசம்பதையைத் திரும்ப நிலைநிறுத்தினார். அதே அரசனை 1760இல் கொல்லச் சதி நடந்தபோது, அவர் திருநீறு பூசுகிறார் என்பதும் குற்றச்சாட்டாயிற்று. கண்ணுச்சாமி என்ற பெயரோடு பிறந்த கடைசி அரசனின் காலத்தில் பூர்வீகம் சட்டமாகவே எழுதப்பட்டது. பிரித்தானியரோடு செய்த 1815 மார்ச் 2ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தம், அரசனின் ஆண் உறவினரைப் பகைவர் என்றது, வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் அனுமதியின்றித் திரும்பிவரத் தடை போட்டது. அந்த அரசன் வேலூரில் காவலில் இருந்து 1832இல் இறந்தார். எழுபத்தாறு வருடம் அரசாண்ட பரம்பரையின் பூர்வீகம் அதற்குமுன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேண்டியபோது பேசாமல் இருந்தார்கள், வேண்டாதபோது எடுத்துப் பேசினார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் சில பிரதானிகள் தமிழெழுத்தில் ஒப்பமிட்டதை யாராவது உனக்கு ஆதாரமாகத் தருவார்கள். பயன்படுத்தாதே. எழுத்து, ஒருவர் எதைப் படித்தார் என்பதைக் காட்டும். யாருக்குப் பிறந்தார் என்பதைக் காட்டாது. நீ ஆங்கிலத்தில் கையொப்பம் வைப்பவள்தானே?

டி.என்.ஏ. பார்த்தால் முடிந்துவிடுமே என்று கேட்பாய். அமெரிக்காவில் பார்த்தார்கள். 1920 தேர்தலில் வொரன் ஹார்டிங் கறுப்பின மூதாதையை மறைக்கிறார் என்று வில்லியம் சான்சலர் என்ற ஒஹையோப் பேராசிரியர் பிரசாரம் செய்தார். பேராசிரியர் வேலையிழந்தார், ஹார்டிங் பெருவெற்றி பெற்றார். 1965இல் ஜே.ஏ. ரோஜர்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் அதே ஹார்டிங்கை, கறுப்பின வழிவந்த ஜனாதிபதிகளில் ஒருவராகப் பெருமையோடு எண்ணினார். ஒருவருக்கு வசையாக இருந்தது மற்றவருக்கு மாலையாயிற்று. 2015இல், ஹார்டிங்குக்கு ஒரு மகள் இருந்தாளா என்ற வேறொரு வழக்கைத் தீர்க்க உறவினரின் மரபணுவைச் சோதித்தபோது, அண்மைத் தலைமுறைகளில் ஆபிரிக்க மூதாதைக்கான தடயம் கிடைக்கவில்லை. அதுவும் நான்கைந்து தலைமுறைக்கான விடைதான். பதினைந்து தலைமுறைக்கு அப்பால் இருப்பவரின் மரபணு இன்றைய பேரப்பிள்ளையிடம் துளியும் இல்லாமல் போகலாம். தமிழர் சிங்களவர் என்று பிரித்துக் காட்டும் ஒரு மரபணுவும் கிடையாது.

இனி உன் தலைப்பின் முதற்பாதிக்கு வா, ‘தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த’ என்ற பகுதிக்கு. எனக்கு அதுதான் கனமாகப் படுகிறது. 1951இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது பண்டாரநாயக்க சிங்களமும் தமிழும் என்றார். 1955 முடிவதற்குள் சிங்களம் மட்டும் என்றார். இடையில் அவருடைய பூட்டனார் மாறவில்லை. மாறியது தேர்தல் கணக்கு. ஆங்கிலம் தெரிந்த மிகச் சிலரே உத்தியோகங்களை வைத்திருந்த நாட்டில் சிங்களப் பாடசாலை ஆசிரியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் பிக்குகளும் ஒன்றுதிரண்டிருந்தார்கள். புத்த ஜயந்தி வருடம் வேறு. ஏப்ரல் 1956இல் வென்றார், ஜூனில் சட்டம். அதே ஜூனில் கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டார்கள், அது நமக்குத் தூரமில்லாத இடம். மறு வருடம் ஜூலை 26இல் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார், 1958 ஏப்ரலில் அதைக் கைவிட்டார். நீலப்பெருமாளை வைத்து இதில் எதை விளக்குவாய்? ஒப்பந்தம் செய்தது தமிழ் இரத்தம், கைவிட்டது சிங்கள இரத்தம் என்றா?

ஒட்டிப் பேசவேண்டியவள் நீ. அதனால் இப்படிச் செய்: “அவருக்குத் தமிழ் மூதாதை ஒருவர் இருந்ததாக அவருடைய குடும்பமே சொல்லியிருக்கிறது” என்பதோடு நில். “ஆகவே அவர் தமிழர்” என்று ஏறாதே, “தன் இனத்துக்கே துரோகம்” என்று அழவும் வேண்டாம். அப்படிப் பேசினால் பூர்வீகம்தான் உரிமையைத் தீர்மானிக்கும் என்ற மற்றவர்களின் விதியில் நீயே கையெழுத்துப் போட்டதாகிவிடும். எதிரணி, பின்னாளில் ஜனாதிபதியான ஜே.ஆர். ஜயவர்த்தனவைக் கொண்டுவரக்கூடும். அவருடைய முன்னோரில் கொழும்புச் செட்டி ஒருவர் உண்டு என்பது கே.எம். டி சில்வாவும் ஹொவார்ட் ரிகின்ஸும் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலேயே இருக்கிறது, ஒப்புக்கொள். அதை ஒப்புக்கொள்வதால், அவர் ஆட்சியில் தமிழர் கொல்லப்பட்ட 1983இல் ஒரு நாள்கூட மாறாது.

போட்டிக்கு முன் ரட்னத்தின் கட்டுரையையும் யஸ்மினின் நூலையும் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் பார். இரண்டிலும் தேவாலயத்தின் பெயர், ஆண்டு, சொல்லும் சாட்சி மூன்றையும் பக்க எண்ணோடு ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. எங்கே ஒத்துவரவில்லை என்று உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா