மலை நிலத்தில் வடிகால் வெட்டுமுன் படம் பார்க்கும் முறை

நாமக்கல் ஜில்லாவின் கொல்லிமலையில் உள்ள நாடுகளுள் குண்டனி நாடும் ஒன்று. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து, மேடும் பள்ளமுமாய்க் கிடப்பது. பள்ளங்களில் நெல் வயல்களும், சரிவுகளில் மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி முதலியனவும் உள்ளன. மேட்டுக்காடுகளில் முன்னர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. சென்ற சில பத்தாண்டுகளில் அக்காடுகளிற் பலவற்றை மரவள்ளி கைக்கொண்டுவிட்டது. மரவள்ளியைப் பிடுங்குங்கால் நிலம் முழுவதும் கிளறப்படுகிறபடியால், அதன்பின் வரும் பெருமழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது.

இதற்குப் பரிகாரமாக, மழைநீரை ஓடவிடாமல் ஆங்காங்கே மண்ணுக்குள் இறக்கும் அகழிகளும் உறிஞ்சு குழிகளும் வெட்டுவது இப்பொழுது எங்கும் வற்புறுத்தப்படுகிறது. நல்ல முறையே. ஆனால் சமவெளிக்குச் சொன்னதை மலைக்கும் அப்படியே கொள்ளலாகாது. செங்குத்தான சரிவில், பாறைமேல் கனமாய்ப் படிந்த மண்ணுக்குள் நீரை மிகுதியாய் இறக்கினால், மண் ஊறிக் கனத்து, அடிப்பாறையின்மேல் வழுக்கிச் சரிந்துவிடக்கூடும். 2009ஆம் வருஷம் நவம்பர் மாதத்துப் பெருமழையில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை யாவரும் அறிவர். ஆகவே அகழி வெட்டுவதற்கு முன்னரே, இந்நிலம் நீரை ஏற்குமா, ஏற்றபின் நிலைத்து நிற்குமா என்று விசாரித்தல் அவசியமாகிறது.

இவ்விசாரணைக்கு இங்கிலாந்தில் ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிலையத்தார் அந்நாடு முழுமைக்கும் எண்முறைப் படம் ஒன்று ஆயத்தம் செய்து, ஒவ்வோர் இடத்தையும் நான்கு கேள்விகளால் சோதிக்கின்றனர். நீரை இறக்கவொட்டாத பெருந்தடை ஏதேனும் அங்கு உண்டா? மண் நீரை உறிஞ்சுமா? உறிஞ்சியபின் தரை அசையுமா? நிலத்தடி நீர் கெடுமா? இத்தகைய படம் இடத்தை நேரிற் சோதிப்பதற்கு ஈடாகாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. கொல்லிமலைக்கு இவ்வாறு ஆயத்தமான படத்தை எதிர்பார்த்து இருக்கவேண்டுவதில்லை. அந்நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டு, நமக்குக் கிடைக்கும் படங்களால் நாமே விடை தேடலாம்.

முதலாவது சரிவு. இந்திய நில அளவை இலாகாவின் 1:50,000 அளவுப் படங்களில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே படத்தில் 2 மில்லிமீட்டர் இருந்தால் தரையில் அது 100 மீட்டர். ஆகவே சரிவு நூற்றுக்கு இருபது. இடைவெளி 1 மில்லிமீட்டராயின் நூற்றுக்கு நாற்பது. இக்கணக்கைக் கணிப்பொறி நொடியிற் செய்துவிடும். அதற்கு வேண்டிய உயர அளவுகள் இருவகையிற் கிடைக்கின்றன. 2000ஆம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் எடுத்த ராடார் அளவுகள் ஒன்று. 2005ஆம் வருஷம் மே மாதம் ஏவப்பட்ட நமது கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்து அமைத்து, புவன் என்னும் இணையத்தளத்தில் வைக்கப்பட்டவை மற்றொன்று. இவற்றைத் திறந்து பார்க்கும் மென்பொருளும் இலவசமாகவே உண்டு. கிராமத்தில் கணிப்பொறி பழகிய இளைஞர் ஒருவர் இருப்பின் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்வார்.

இரண்டாவது, நீர் செல்லும் வழி. எண்முறைப் படத்தில் நிலம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எதன்பக்கம் சரிவு மிகுதியோ அப்பக்கம் நீர் செல்லும் என்று கொண்டு, ஒவ்வொன்றிற்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறதென்று கணிப்பொறி எண்ணிச் சொல்லும். எண் பெருத்த இடமே ஓடை. அவ்விடத்தில் உறிஞ்சு குழி வெட்டினால் முதல் மழையிலேயே மண் நிறைந்து தூர்ந்துபோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்படி இலவசப் படங்களின் கட்டம் பக்கத்திற்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். பத்து சென்ட் படிக்கட்டு வயலும் அதன் மேல்வரப்பும் கீழ்ப்பள்ளமும் ஒரே கட்டத்தில் ஒரே உயரமாகக் காட்டப்படும். அன்றியும் பலாவும் மிளகேறிய சவுக்கு மரங்களும் அடர்ந்த இடத்தில், மரத்தின் உயரத்தில் ஒரு பகுதி தரையின் உயரத்தோடு சேர்ந்துவிடும். மண் படங்களின் குறை இதனினும் பெரிது. 1:250,000 அளவுப் படத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் தரையில் 15 ஏக்கருக்கு மேற்பட்டது. அப்படத்தைக் கொண்டு தம் புலத்தின் மண்ணைத் தீர்மானிப்பவர், ஊரின் ஜனத்தொகையைக் கொண்டு தம் வீட்டு மக்களை எண்ணுபவரை ஒப்பர்.

எனவே படத்தின் வேலை, எங்கே தோண்டிப் பார்க்கவேண்டும் என்று காட்டுவதே. புலப்படத்தைச் சரிவுப் படத்தின்மேல் வைத்துப் பார்த்து, சரிவு நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட பகுதிகளைச் சிவப்பால் குறித்துவிடுக. அங்கே நீரைத் தேக்கும் அகழி கூடாது. கல்வரப்பும் புல்வரிசையும் அமைத்து நீரை மெல்ல வெளியேற்றுவதே தகும் என்பது எமது கருத்து. எஞ்சியவற்றில் இரண்டு மூன்று இடங்களைத் தெரிந்து சோதனைக் குழி வெட்டுக.

சோதனை எளிது. குழியை ஓரடிச் சதுரத்தில், அகழியின் உத்தேச ஆழம் வரை வெட்டி, அடியில் இரண்டங்குலச் சரளை பரப்பி, முதல் நாள் நீர் நிறைத்து ஊறவிடவேண்டும். மறுநாள் சரளைக்கு மேல் ஆறங்குலம் நீர் நிற்கவிட்டு, ஓரங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறதென்று பார்க்கவேண்டும். கழிவுநீர்க் குழிகளுக்கு இந்தியத் தர நிர்ணயத்தார் கொண்ட முறையில் 30 நிமிஷத்திற்குள் இறங்கினால் குழி ஏற்றது. 60 நிமிஷத்தைக் கடந்தால் மண்ணில் இறக்குவதே தகாது. மழைநீருக்கும் இதை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம். முதல் நாள் ஊறவிடாமல் வறண்ட மண்ணில் அளப்பவர்கள் ஏமாந்துபோவர். காய்ந்த மண் எந்நீரையும் குடிக்கும்.

அகழியின் கொள்ளளவையும் கணக்கிடுவோம். ஓர் ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். அதிற் பாதியே ஓடுவதாகக் கொண்டாலும் ஒரு லட்சம். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், பத்தடி நீளமுள்ள அகழி ஒன்று பிடிப்பதோ 1,130 லிட்டர்தான். ஏறக்குறைய தொண்ணூறு அகழிகள் வேண்டும். இதனால் தெளிவாவது, அகழி எத்தனை வெட்டினும் மிகுநீர் வழியும் என்பதே. அது எங்கே வழியவேண்டும் என்பதை முன்னதாக நிச்சயித்து, கல் பாவிய வாய்க்கால் அமைத்து இயற்கை ஓடையிற் சேர்த்தல் வேண்டும். இதை விட்டு அகழி மட்டும் வெட்டியவரின் நீர் கீழ்க்காட்டுக்காரரின் வரப்பை உடைக்கும். அப்புறம் வழக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் வரும்.

நான்காவது கேள்வி மலைக்காரர்களுக்கு மிகமிக முக்கியமானது. இம்மலையின் அடிப்பாறை கடினமான சார்னோக்கைட். அதன்மேலுள்ள சிதைந்த பாறையிலும் மண்ணிலும் இறங்கும் நீர், கடினப் பாறையைத் தொட்டவுடன் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. அவ்வூற்றையே குடிநீருக்கு நம்பியிருக்கும் வீடுகளுக்கு மேலே வெட்டும் ஒவ்வொரு குழியும் அவ்வூற்றுக்கு நீர் தருவதாகவும் ஆகலாம், நஞ்சு தருவதாகவும் ஆகலாம். மழைநீர் அகழி வளம் தரும். கழிப்பறைக் குழியும் மாட்டுக்கொட்டில் கழிவும் நோய் தரும். கிணற்றிலிருந்து பத்து மீட்டர் என்னும் சமவெளி வழக்கம் சரிவில் போதாது. ஊற்றுகளையெல்லாம் படத்திற் குறித்து, அவற்றிற்கு மேலே நீர் வந்து சேரும் பரப்பைக் கணிப்பொறியால் வரைந்து, அப்பரப்பினுள் கழிவுக் குழிகளை விலக்குக.

படத்தில் ஊற்றுகளைக் குறிக்கும் வேலை, ஊரிலுள்ள முதியவர்கள் உடனிருந்தாலன்றி முடியாது. கோடையில் வற்றுவது எது, வற்றாதது எது என்பதைச் செயற்கைக்கோள் அறியாது. இதனைச் சித்திரை, வைகாசியில் முடித்துக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன் சோதனைக் குழிகளும் வெட்டிவிட்டால், அகழி வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரிடம் குறித்த படத்தையும் நிமிஷக் கணக்கையும் சேர்த்தே கொடுக்கலாம்.