இரு கடமைகளுக்கு நடுவே ஒரு காதல்: இளம் புதின எழுத்தாளருக்கு



இரத்தக் காட்டேரிகள் உலவும் இளையோர் புதினத்தை, அதாவது பதின்ம வயதினரை முதன்மை வாசகராகக் கருதி அவர்களையொத்த வயதுடைய பாத்திரத்தின் பார்வையில் சொல்லப்படும் நெடுங்கதையை, எழுத முற்படுவோர் பெரும்பாலும் காதலிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் இவ்வகைக் கதையைத் தாங்கி நிற்பது காதல் அன்று, ஒருவர் ஒரே வேளையில் இருவருக்குக் கடமைப்பட்டிருத்தலே ஆகும். 1819இல் வெளிவந்த ஜான் பாலிடோரியின் கதையிலேயே இதன் வித்து காணப்படுகிறது. ரூத்வன் பிரபு என்னும் இரத்தக் காட்டேரிக்குச் செய்துகொடுத்த சத்தியத்தால் வாய்கட்டப்பட்ட ஆப்ரி என்னும் இளைஞன், அந்தப் பிரபுவே தன் தங்கையை மணக்கவிருப்பதை அறிந்தும் உரிய காலத்தில் உண்மையைச் சொல்ல இயலாமல் தவிக்கிறான், தங்கை பலியாகிறாள். வாக்கைக் காப்பதும் தங்கையைக் காப்பதும் ஒன்றையொன்று மறுப்பதால்தான் அக்கதையில் அச்சம் பிறக்கிறது.

இளையோர் புதினத்தில் இந்நெருக்கடியை மிகத் தெளிவாகக் கட்டமைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ரிஷெல் மீட் எனலாம். 2007 முதல் 2010 வரை ஆறு நூல்களாக வந்த அவருடைய ‘வேம்பயர் அகாடமி’ வரிசையில் மூன்று இனங்கள் உள்ளன: பிறந்து, மூத்து, இறக்கும் இயல்புடைய மொராய், கொன்று குடித்து இறவாமல் வாழும் ஸ்ட்ரிகோய், இரத்தக் காட்டேரிக் குருதியும் மனிதக் குருதியும் கலந்த தாம்பிர். தாம்பிர்கள் தமக்குள் மணந்தால் மகப்பேறு இல்லை என்பதால், மொராய் அழிந்தால் தாமும் அழிவர் என்பதை உணர்ந்து அவர்களுக்கு மெய்க்காவலராகின்றனர். கடமை இங்கு வெறும் உபதேசமாக நில்லாமல், ஓர் இனத்தின் பிழைப்போடு பிணைந்திருப்பதை எழுத முனைவோர் ஊன்றிக் கவனித்தல் நலம்.

தாம்பிர் பெண்ணான ரோஸ், தன் உயிர்த்தோழியும் மொராய் அரச குலத்தவளுமான லிஸாவுக்குக் காவலராகப் பள்ளியில் பயில்கிறாள். அவளுக்குப் பயிற்சியளிக்கும் திமித்ரியும் லிஸாவுக்கெனவே அமர்த்தப்பட்ட காவலன். இருவரும் காதலிக்கின்றனர். தாக்குதல் நிகழும் கணத்தில் லிஸாவின் முன் பாயவேண்டிய உடல் ரோஸின் முன் பாய்ந்துவிடும் என்பதே திமித்ரி கூறும் தடை. பெற்றோரின் பிடிவாதமோ ஊராரின் பேச்சோ இத்தகைய தடைக்கு ஈடாகாது. ஏனெனில் இதில் காதல் உண்மையாக இருக்குமளவுக்குக் கடமை தோற்கிறது. (பதினேழு வயது மாணவியை இருபத்துநான்கு வயது ஆசிரியன் காதலிப்பது அத்தொடரின் உண்மையான குறையே, அதை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை.)

2008இல் வந்த மூன்றாம் நூலின் முடிவில் திமித்ரி ஸ்ட்ரிகோயாக மாற்றப்படுகிறான். அவனைக் கொன்று விடுவிப்பதே அன்பு எனத் துணிந்த ரோஸ், தன் பதினெட்டாம் பிறந்தநாளில், தடுத்து மன்றாடும் லிஸாவை விட்டுப் பள்ளியை நீங்கி ரஷ்யாவுக்குச் செல்கிறாள். மீட்டின் திறமை இதற்கு அடுத்த நூலில் வெளிப்படுகிறது: முன்னொரு விபத்தில் மாண்ட ரோஸை லிஸா உயிர்ப்பித்ததால் உண்டான பிணைப்பு, லிஸாவின் மனத்துக்குள் நுழைந்து அவள் கண்வழிப் பார்க்கும் ஆற்றலை ரோஸுக்குத் தருகிறது, லிஸாவோ ரோஸின் மனத்தைக் காண இயலாது. ஆகவே சைபீரியாவில் காதலனைத் தேடும் பெண், தான் கைவிட்டு வந்த தோழி தீயவர் பிடியில் சிக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க நேர்கிறது. விட்டுவந்த கடமை கண்மறைந்து போகாமல் ஒவ்வொரு அத்தியாயத்திலும் வந்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான உத்தியைக் காண்பது அரிது.

ஸ்டெஃபனி மெயரின் ‘ட்வைலைட்’ வரிசை இதே இடத்தில் சறுக்குகிறது. இரத்தக் காட்டேரியான எட்வர்டின் குடும்பத்துக்கும் ஓநாய் உருவெடுக்கும் ஜேக்கபின் குலத்துக்கும் இடையிலான எல்லை உடன்படிக்கை சிறந்த கற்பனை. ஆனால் 2008இல் வந்த நான்காம் நூலில், ஜேக்கபின் மனம் அவன் விருப்பத்தைக் கேளாமலே அவ்விருவருக்கும் நடுவே நின்ற கதைத்தலைவி பெல்லாவின் பச்சிளம் குழந்தையோடு மாயத்தால் பிணைக்கப்படுவதால், பெல்லா யாரையும் இழக்காமல் எல்லோரையும் பெற்றுவிடுகிறாள். தேர்வுக்குரிய விலையை மாயம் கட்டிவிட்டால் அது தேர்வாகாது. மேலும், ஜேக்கபின் குலமாகக் காட்டப்படும் குயிலியூட் மக்கள் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழ்பவர்கள். ஓநாயிலிருந்து தோன்றியதாகக் கூறும் தொல்கதை அவர்களுடையது, இரத்தக் காட்டேரிகளோடு தீராப்பகை என்பது மெயர் சேர்த்தது. புனைந்த பகைக்குப் புனைந்த குலத்தின் பெயரே தகும்.

ரிஷெல் மீட்டும் மாயத்தால் திமித்ரியை ஸ்ட்ரிகோய் நிலையிலிருந்து மீட்கிறார். ஆயினும் மீட்பவள் லிஸா என்பதால், மீண்டவன் தன் பற்றையெல்லாம் அவளுக்கே உரியதாக்கி ரோஸைத் தள்ளி நிறுத்துகிறான். ஒரு கடன் தீர்ந்த இடத்தில் இன்னொரு கடன் முளைக்கிறது.

‘வேம்பயர் அகாடமி’யின் முதல் நூல் எவ்வாறு தொடங்குகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும்: கொடுங்கனவில் அலறும் லிஸாவின் அச்சம் ரோஸை எழுப்ப, பள்ளியை விட்டு ஓடி ஒளிந்து வாழும் தோழிக்கு அவள் தன் கழுத்தைக் காட்டிக் குருதி அருந்தத் தருகிறாள், திமித்ரி அதன் பின்னரே வருகிறான். ஆகவே, காதலன் நுழையும் காட்சியை எழுதுமுன், கதைத்தலைவி பின்னர் எவரை விட்டுப் பிரியப்போகிறாளோ அவரோடு அவள் வாழும் காட்சிகளை முழுமையாக எழுதி முடிக்குமாறு இளம் எழுத்தாளர் அன்புடன் வேண்டப்படுகிறார்.