நீராவி லாரியும் அதனைப் பேணுதலும்

நீராவியால் ஓடும் வண்டி என்றவுடன் தண்டவாளமே நம் நினைவிற்கு வரும். தண்டவாளமின்றி, நாற்சக்கர லாரியின் வடிவினதாய், ஐந்தாறு டன் சுமையைத் தாங்கிக்கொண்டு, நிலக்கரியும் நீருமே உணவாகப் பெருஞ்சாலையில் ஓடிய வண்டிகள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன என்பதை நம்மிற் பலர் அறியார். யாமும் அண்மைக்காலம்வரை அறிந்திலேம். அவற்றுள் எஞ்சியவற்றை அந்நாட்டார் சிலர் இன்றும் பேணிக் கோடைதோறும் சாலையில் ஓட்டி வருகின்றனர். அவ்வண்டியின் அமைப்பு எத்தகையது, ஓட்டுவோன் அறியவேண்டுவன யாவை, அது சாலையைவிட்டு நீங்கியது எதனால் என்பவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். புகுந்தபின் வேறொரு வினாவும் எம்மைப் பற்றிக்கொண்டது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

1865-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, சாலையிற் செல்லும் இயந்திர வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைலும் ஊர்ப்புறத்தில் 4 மைலும் கடத்தலாகாது என்று தடுத்தது. வண்டிக்கு முன்னே ஒருவன் செங்கொடி பிடித்து நடத்தல்வேண்டும் என்றும் விதித்தது. நடந்துசெல்வோனை முந்தலாகாத வண்டிக்குப் பொருள் செலவிட எவர் துணிவர்? 1896-இல் எடை குறைந்த வண்டிகளுக்கு இத்தளை நீங்கியது. அவ்வாண்டிலேயே தார்னிகிராப்ட் என்பார் தம் முதல் நீராவிச் சுமைவண்டியைச் செய்தனர். அது லங்காஷயரிலுள்ள லேலண்டு என்னும் ஊரின் வாகனக் காட்சிசாலையில் இடம்பெற்றுள்ளது. அதே லேலண்டில், அதே 1896-இல், லங்காஷயர் நீராவி மோட்டார்க் கம்பெனி தோன்றிற்று. 1907-இல் அது லேலண்டு மோட்டார்ஸ் எனப் பெயர் மாறியது. 1955-இல் நம் சென்னையை அடுத்த எண்ணூர்த் தொழிற்சாலை 'அசோக் லேலண்டு' எனப் பெயர்பூண்டது அக்கம்பெனியின் கூட்டுறவாலேயாம். நம் சாலைகளில் நாள்தோறும் கடந்துசெல்லும் லாரிகளின் நெற்றியிலுள்ள பெயரிற் பாதி, நீராவி வண்டி செய்தற்கெனப் பிறந்ததொரு கம்பெனியின் பெயர் என்பதை அறிந்தபோது யாம் பெரிதும் வியந்தோம்.

இவ்வண்டிகள் பெரும்பாலும் இருவகைப்படும். முதல்வகைக்குச் செஷயரில் சாண்டுபாக் என்னும் ஊரில் இருந்த போடன் கம்பெனியாரின் வண்டிகள் தக்க சான்று. ரயில் எஞ்சினில் உள்ளதுபோலப் படுக்கையான கொதிகலன் முன்னே நீண்டிருக்கும். அதன் முதுகின்மேல் இயந்திரம் அமர்ந்திருக்கும். அங்கிருந்து சங்கிலியொன்று பின்சக்கரங்களைச் சுழற்றும். எஞ்சின் ஒன்று தன் பின்னே லாரியின் உடலை ஒட்டவைத்துக்கொண்டாற்போல அது தோன்றும். இரண்டாம் வகையிற் சிறந்தவை சென்டினல் வண்டிகள். இவற்றைச் செய்தோர் முதலிற் கிளாஸ்கோவில் இருந்து, 1915-இல் ஷ்ரூஸ்பரிக்குக் குடிபெயர்ந்தனர். இவற்றிற் கொதிகலன் குத்தாக நிற்றலின் ஓட்டுவோன் அறையிலேயே அடங்கிவிடும். இயந்திரமோ வண்டித்தட்டின் அடியிற் கிடக்கும். ஆகவே வண்டியின் நீளத்திற் பெரும்பகுதி சரக்குக்கே உரியதாயிற்று. 1923-இல் வெளிவந்த சூப்பர் சென்டினலின் கொதிகலன் சதுர அங்குலத்திற்கு 230 பவுண்டு அழுத்தத்தில் வேலைசெய்தது. நிலக்கரியைக் கதவு திறந்து வாரி எறிய வேண்டுவதில்லை. கொதிகலனின் உச்சியினின்று இறங்கும் குழல் வழியே இட்டால் அது நெருப்பின்மேல் விழும். கொதிகலனின் உட்கூட்டைத் தனியே கழற்றி இறக்கி, நீரினாற் படிந்த பொருக்கைச் சுரண்டித் துப்புரவு செய்தற்கும் வழியுண்டு.

சூப்பர் சென்டினலில் கியர் மாற்றுதல் என்பதே இல்லை. எண்ணெய் எஞ்சின் சுழன்றுகொண்டிருந்தாலன்றி வலிமை காட்டாது. நீராவியோ சக்கரம் அசையாது நிற்கும்போதே பிஸ்டனை முழுவலிமையோடும் தள்ளும். ஆதலின் நின்ற நிலையினின்று பெருஞ்சுமையோடு அமைதியாகப் புறப்படுதல் இவ்வண்டிக்கு இயல்பு.

இதனால் ஓட்டுதல் எளிதென்று கொள்ளற்க. சாவியைத் திருப்பியவுடன் புறப்படும் வண்டியன்று இது. விடியலில் வந்து, முதலில் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயில் நீர் நிற்கின்றதா என்று நோக்கியபின்னரே தீக்குச்சியைக் கையிலெடுத்தல்வேண்டும். முந்தைய நாட் சாம்பலை வாரி, விறகுச் சிராய்களில் நெருப்பு மூட்டி, பின்பே கரியிடுவர். சென்டினலின் சிறு கொதிகலனில் ஒருமணி நேர அளவில் நீராவி எழும். போடன் போன்றவற்றிற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் எண்ணெய் இடவேண்டிய இடங்களுக்கெல்லாம் எண்ணெய் இட்டு முடிப்பர்.

சாலையில் இறங்கியபின் ஓட்டுவோன் கருத்து எப்பொழுதும் கண்முன் உள்ள சாலையினும் அரைமைல் அப்பால் இருத்தல்வேண்டும். மேட்டைக் கண்டபின் நெருப்பை வளர்ப்பவன் மேட்டின் பாதியில் நின்றுவிடுவான். கரி பற்றி எரிந்து நீராவியாக நேரம் செல்லும். மேலும், கொதிகலனுக்குள் புதுநீர் புகுந்தால் அழுத்தம் சிறிது தாழும். ஆகவே மேட்டில் ஏறும்போது நீர் விடாது, அதற்கு முன்னரே விட்டு நிறைத்துக்கொள்வர். ஏற்றத்தினும் இறக்கம் இடர் மிக்கது. படுக்கைக் கொதிகலனுடைய வண்டி மேட்டின் உச்சியைக் கடந்து தலைசாயும்போது, நீரெல்லாம் முன்னோக்கி ஓடிவிடும். பின்னேயுள்ள நெருப்புப் பெட்டியின் மேற்றகடு நீரின்றி வறளும். சிறிது நேரம் அங்ஙனம் இருந்தாலும் தகடு பழுத்து வலிமை இழக்கும். அக்கேட்டினின்று காத்தற்கென்றே எளிதில் உருகும் உலோக அடைப்பு ஒன்றை அத்தகட்டில் வைத்திருப்பர். வெப்பம் மிஞ்சினால் அது உருகி, நீராவி பாய்ந்து நெருப்பை அடக்கும். எனினும் அடைப்பு உருகுமாறு விட்டவன் என்று பெயரெடுத்தலை எந்த ஓட்டுநனும் விரும்பான்.

எம் ஊர் அரிசி ஆலையிற் கொதிகலன் பார்த்த முதியவர் ஒருவரை இதனை எழுதுங்கால் நினைந்தோம். சிறுவயதில் யாம் அவரோடு பேசச் சென்றால், அவர் எமக்கு விடை கூறுவாரேயன்றி எம் முகத்தை நோக்கார். கண் கண்ணாடிக் குழாயிலேயே இருக்கும். அவர் செருக்குடையவர் என்று அந்நாளில் எண்ணினோம். நிலத்தில் ஊன்றிய கொதிகலனுக்கே அத்துணைக் கவனம் வேண்டுமாயின், குலுங்கியும் சாய்ந்தும் ஓடும் கொதிகலனுக்கு எத்துணை வேண்டும்!

அக்காலத்தில் இவ்வண்டிகளை ஓட்டுவோன் ஒருவனும் அவன் துணையாள் ஒருவனுமாக இருவர் நடத்தினர். இருபது முப்பது மைலுக்கு ஒருமுறை நீர் நிரப்பவேண்டும். வழியிலுள்ள ஓடையில் நெடுங்குழாயை இறக்கி, நீராவியின் விசையாலேயே நீரை உறிஞ்சித் தொட்டியில் ஏற்றுவர். வண்டி தானே நீர் பருகுவது போன்ற இக்காட்சியைக் காண்பதற்கு இன்றும் வழிப்போக்கர் நின்றுவிடுகின்றனராம்.

இத்தகைய வண்டி அழிந்தது எங்ஙனம்? 1932-இல் ஆர்தர் சால்ட்டர் தலைமையில் கூடிய குழு, சாலைக்கு நேரும் செலவை வண்டிகளின்மீது பகுத்திடுமாறு அறிக்கை விடுத்தது. மறுவாண்டில் வரி உயர்ந்தது. எடை மிக்க வண்டிக்கு மிக்க வரி. கொதிகலனும் நீரும் கரியும் சுமந்த நீராவி வண்டி இதனால் நொந்தது. தன் மண்ணில் நிலக்கரியைக் குவித்து வைத்துக்கொண்டு கடல்கடந்து வரும் எண்ணெய்க்கு ஒரு நாடு வழிவிட்டது என்று பலர் வருந்தினர். அவ்வருத்தம் பொருளுடையதே. ஆயினும் வரியொன்றே நீராவி லாரியைக் கொன்றது என்று ஆர்வலர் சிலர் கூறுவதை யாம் முற்றும் ஒப்புகிலேம். இருவர் கூலியும், ஒருமணி நேரக் காத்திருப்பும், அடிக்கடி நீர் தேடலும் டீசல் வண்டிக்கு இல்லை. சென்டினலார் அச்சமயத்தில் நான்கு சிலிண்டரும் சுழல்தண்டும் உடைய எஸ் வகை வண்டியை, ஒருவனே ஓட்டுமாறு செய்து வெளியிட்டனர். அது நல்ல வண்டி. காலம் கடந்து வந்தது. 1950-ஆம் ஆண்டளவில் அர்ஜென்டினா நாட்டிற்கென நூறு வண்டி அளவிற் செய்து அனுப்பியதோடு அத்தொழில் முடிந்தது.

பிற வண்டிகள் பழைய இரும்பாக விலைபோயின. எஞ்சியவற்றுட் பல, சாலைக்குத் தார் தெளிப்போரிடம் இருந்தமையால் பிழைத்தன. தாரை இளக்கவும், உறைந்த குழாய்களைத் துப்புரவாக்கவும் நீராவி வேண்டுமன்றோ? எனவே அவர்கள் அவற்றை நெடுநாள் விடாது வைத்திருந்தனர். 1950-க்குப்பின் ஆர்வலர்கள் இவற்றைத் தேடி வாங்கலாயினர். 1954-இல் நேஷனல் டிராக்ஷன் எஞ்சின் டிரஸ்டின் முன்னோடியான சங்கம் தோன்றிற்று.

இனி முன்னே குறித்த வினா. நெருப்பு ஒருபுறமும் நீர் ஒருபுறமும் அரிக்க, கொதிகலன் தகடு ஆண்டுதோறும் மெலியும். ஆதலின் தகுதியுடைய சோதனையாளர் குளிர்ந்த நிலையில் உள்ளும் புறமும் ஆராய்ந்து, பின்னர் நீராவி நிலையிலும் கண்டு ஒப்பினாலன்றி வண்டி ஓடலாகாது. தகடு தேறாவிடிற் புதுக் கொதிகலன் செய்து வைக்கின்றனர். பழையது தறையாணி அறைந்து இணைத்தது. புதியது பற்றவைத்து இணைத்தது. சக்கரத்தின் கெட்டி ரப்பர் புதிது, ஓட்டுவோன் அறையின் மரம் புதிது, தட்டு புதிது, வண்ணம் புதிது. அங்ஙனமாயின் அதனைப் பழைய வண்டி என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? ஓட்டினால் தேயும், தேய்ந்தால் மாற்றவேண்டும், மாற்றினாற் பழமை குன்றும். ஆகவே நெருப்பு மூட்டாது காட்சிசாலையில் நிறுத்துதலே பேணுதல் என்பார் உளர். தொடக்கத்தில் யாமும் அக்கட்சியிலேயே நின்றோம்.

எம் கருத்தை மாற்றியவை தமிழ்ச் சுவடிகள். பனையோலை நம் நாட்டு வெப்பத்தில் சில நூற்றாண்டுக்குமேல் தாங்காது. சங்கநூல்கள் நம்மை வந்தடைந்தது, முதலில் எழுதிய ஓலை நிலைத்ததனால் அன்று; சிதையுமுன் ஒருவர் அதனைப் படித்துப் புத்தோலையில் எழுதிவைத்ததனால். படிக்கத் தெரிந்தார் அற்ற வீட்டில் ஏடு வெறும் ஓலையாய்ச் செல்லுக்கு இரையாயிற்று. நீராவி லாரிக்கும் இஃதொக்கும். இறக்கத்தில் நீர் எங்கே ஓடும் என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் வண்டி எவருக்கும் கற்பியாது. நெருப்பின் நிறங்கண்டு அழுத்தம் அறிபவன் ஒருவன் தன் அறிவை மற்றொருவனுக்குத் தராது இறந்தால், அதனை எவ்வகை வரைபடத்தினின்றும் மீட்டல் அரிது.

ஆயினும் ஏடெழுதினோர் கைப்பிழையாற் பாடம் திரிந்ததையும் யாம் மறந்திலேம். வண்டியைப் புதுப்பிப்போர் எவ்வுறுப்பை எப்பொழுது மாற்றினர் என்று குறித்துவைத்தலும், கழற்றிய பழைய உறுப்பை எறியாது காத்தலும் கடன். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பிற் காட்டாத பதிப்பாசிரியரை நாம் நம்புகின்றோமா? எல்லா வண்டியையும் ஓட்டுக என்பதும் எம் கருத்தன்று. 1896-ஆம் ஆண்டுத் தார்னிகிராப்ட் வண்டி போன்ற மூலங்கள் கைபடாது நிற்றலே நன்று.

இப்பொழுது அவர்களுக்கு நேர்ந்துள்ள இடர் கரியைப் பற்றியது. புகை குறைந்து நெடிது எரியும் வேல்ஸ் நாட்டு நீராவிக்கரியே சென்டினல் ஓட்டுநர் விரும்பியது. மெர்தர் டிட்பிலை அடுத்த பாசுவிரான் என்னும் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பெற்றபின் அக்கரி அரிதாயிற்று. நிலக்கரியை உலகம் கைவிடவேண்டிய காலத்தில் இதற்காகச் சுரங்கத்தைத் திறந்துவைக்குமாறு கேட்டல் முறையன்று என்பதை அவர்களே உணர்வர். பிறநாட்டுக் கரியையும், தூளை உருண்டையாக அழுத்திச் செய்த எரிபொருளையும் இட்டுப் பார்க்கின்றனர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எரிகின்றது. சாம்பலும் வேறு, கட்டியும் வேறு. முப்பதாண்டு ஓட்டியவனும் நெருப்பு மூட்டுதலைப் புதிதாகக் கற்கவேண்டியிருக்கின்றது.

அவனோடு உடன்கற்க இளையோர் சிலர் உளர். மேற்குறித்த டிரஸ்டு 'ஸ்டீம் அப்ரெண்டிஸ் கிளப்' என்று இளையோர்க்கெனவே ஒரு பிரிவு நடத்துகின்றது. எம் வயதினரும் எம்மினும் சிறியோரும் அதில் உறுப்பினர். பித்தளை துலக்குதலும், சாம்பல் வாருதலும், எண்ணெய்க்குப்பியோடு வண்டியின் அடியிற் புகுதலும் முதற்பாடம். ஓட்டும் கைப்பிடி அவர் கைக்கு வர நாளாகும். மாலையில் வண்டி கொட்டகை சேர்ந்தபின், நெருப்பைத் தணியவிட்டு, கொதிகலனை இரவுக்கென மேல்மட்டம்வரை நீரால் நிறைத்து, கண்ணாடிக் குழாயின் அடைப்பான்களை மூடுவர். அவற்றை மூடுமுன் நீர்மட்டத்தை ஒருமுறை கண்டு சொல்லுமாறு அருகில் நிற்கும் சிறுவனைக் கேட்பர்.