கோச் முதலில் பார்ப்பது உங்கள் பக்கத்தை

சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் ஒற்றையர் பட்டத்தை 2007, 2008 என அடுத்தடுத்து வென்றார். அவரைப் போல அங்கே டென்னிஸ் ஆடிக்கொண்டே படிக்க நினைப்பவரா நீங்கள்? உங்களை நேரில் பார்ப்பதற்கு வெகு முன்பே அங்குள்ள கோச் உங்கள் இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிடலாம்.

பயோவில் முழுப் பெயர், ஊர், யுடிஆர் (ஆட்டத் திறனை எண்ணில் காட்டும் டென்னிஸ் மதிப்பீடு), மின்னஞ்சல் இருக்கட்டும். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு கட்டாயம் வேண்டும். எந்த ஆண்டுக்கு ஆள் தேவை என்று கணக்குப் போட்டுத்தான் கோச் தேடுவார். வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வீடியோ. பாட்டுப் போட்டு, வின்னர்களை மட்டும் வெட்டி ஒட்டிய ரீல் நண்பர்களுக்குப் பிடிக்கும். கோச்சுக்கு அது போதாது. பேஸ்லைனுக்குப் பின்னால், சற்று உயரத்தில் கேமராவை வையுங்கள். முழு கோர்ட்டும் தெரியட்டும். சில கேம்களை வெட்டாமல் அப்படியே போடுங்கள், தோற்ற பாயிண்ட் உட்பட. டபுள் ஃபால்ட் ஆனதும் ராக்கெட்டை ஓங்குகிறீர்களா, மூச்சை இழுத்துவிட்டு அடுத்த சர்வுக்குத் தயாராகிறீர்களா என்பதைக் கோச் கவனிப்பார். அந்த வீடியோவைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்துவிடுங்கள்.

பிறகு கோச்சுக்கு நீங்களே எழுதுங்கள். அப்பா எழுதித் தர வேண்டாம். நாலு வருடம் அணியில் இருக்கப்போவது நீங்கள். அந்த அணியின் அண்மை ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதினால், எல்லாருக்கும் அனுப்பிய மெசேஜ் போல இருக்காது. பதில் வரவில்லை என்றால் உடனே மனம் உடைய வேண்டாம். என்சிஏஏவின் உச்சப் பிரிவான டிவிஷன் 1 டென்னிஸில், 10-ஆம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15-க்கு முன் கோச் உங்களுக்குத் தனிப்பட்ட பதில் அனுப்ப விதி இடம் தருவதில்லை. கோச் போடும் லைக்கையும் வாக்குறுதியாக நினைத்துவிடாதீர்கள். இடம் தருகிறோம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லும் வரை மற்ற கல்லூரிகளுக்கும் எழுதிக்கொண்டிருங்கள்.

பழைய பதிவுகளை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். 2014-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் உதவி கோச் ஹெர்ப் ஹேண்ட், சமூக ஊடகத்தில் நடந்துகொண்ட விதத்துக்காகவே ஒரு மாணவரைப் பட்டியலிலிருந்து நீக்கியதாக ட்விட்டரில் எழுதினார். கெட்ட வார்த்தை, நடுவரைத் திட்டியது, சாதியையோ நிறத்தையோ வைத்து அடித்த கிண்டல் எல்லாவற்றையும் நீக்குங்கள். நீங்கள் லைக் போட்டவையும் கணக்கில் வரும். நீக்கிய பதிவும் யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் மிஞ்சலாம் என்பதால், இனிமேல் எழுதுவதில் இன்னும் கவனம் தேவை.

இடம் உறுதியானதும் அறிவிக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்காக நேரம் செலவிட்ட மற்ற கோச்களுக்கு முதலில் தனித்தனியாக நன்றி சொல்லி, முடிவைத் தெரிவித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பதிவிடுங்கள்.